மூடாக்கு: நெய்வேலி வட்டாரத்து வரலாறு

செடிகளைச் சுற்றியுள்ள வெற்று மண்ணைச் சருகு, வைக்கோல், கரும்புச் சோகை, தென்னை மட்டை, மல்லாட்டை என்னும் நிலக்கடலைத் தொலி, நெகிழித் தாள் போன்றவற்றால் மூடி வைக்கும் முறை மூடாக்கு. ஈரம் ஆவியாகாமலும் மேல்மண் கரையாமலும் களை மண்டாமலும் இது காக்கிறது. குளிர்நாடுகளில் இதன் முதல் வேலை வேறு. அங்கே இரவில் உறைந்து பகலில் இளகும் மண் உப்பி எழுந்து, செடியை வேரோடு மேலே தள்ளிவிடும். அதனால் குளிர் இறுகும்போது பாத்திகளின் மேல் வைக்கோலும் இலையும் கனமாகப் பரப்புகிறார்கள். தமிழ்நாட்டில் உறைபனிக் கவலை நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைகளுக்கே உரியது. 1848-இல் உருவாக்கத் தொடங்கிய உதகை தாவரவியல் பூங்காவில், பனிக்காலத்தில் மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலார் என்னும் செடியின் கிளைகளால் இன்றும் மூடி வைக்கிறார்கள்.

கடலூர் மாவட்டத்து நெய்வேலியில் தை மாத இரவிலும் வெப்பம் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். குளிரால் இங்கே செடி சாவதில்லை. கேடு செய்வது மழையும் அதற்குப் பின் வரும் வெயிலும்தான். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டுகிறது. வேகமாக விழும் துளிகள் செம்மண் கட்டிகளை உடைக்க, உடைந்த பொடி மண்ணின் துளைகளை அடைத்துக்கொள்கிறது. மழை விட்டு வெயில் ஏறியதும் மேலே பொருக்கு கட்டிவிடும். அதன்பின் ஊற்றும் தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓரமாக ஓடுகிறது. ஆகவே இவ்வட்டாரத்தில் மூடாக்குக்கு ஏற்ற பருவம் மார்கழியும் தையும்: மழை ஓய்ந்து, மண்ணில் ஈரம் நிறைந்திருக்கும் நாட்கள். பலரும் சித்திரையில் மண் காய்ந்த பிறகு சருகு பரப்பத் தொடங்குகிறார்கள். காக்க வேண்டிய ஈரம் அதற்குள் போய்விடுகிறது.

பழைய வேளாண்மையில் மூடாக்கு தனிப் பாடமாக இருக்கவில்லை, மற்ற வேலைகளோடு கலந்திருந்தது. கத்தரி, மிளகாய் நாற்றங்காலை முளை வரும்வரை வைக்கோலால் மூடுவது வழக்கம். மஞ்சள் நட்ட பார்களில் பச்சிலை பரப்பினார்கள். கொழிஞ்சியும் ஆவாரையும் புங்கந்தழையும் வயலுக்குப் போயின. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலை 19ஆம் நூற்றாண்டிலிருந்து இயங்கிவரும் இப்பகுதியில் கரும்புச் சோகைக்குப் பஞ்சமே இல்லை. நட்ட சில நாட்களில் பார்களின் மேல் சோகையைப் பரப்பினால் ஈரம் நிற்பதோடு இளங்குருத்துப் புழுவின் தாக்குதலும் குறைகிறது என்று தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. ஆனாலும் வெட்டு முடிந்த வயலில் சோகைக்குத் தீ வைப்பது இன்னும் நிற்கவில்லை.

நெய்வேலியின் மண்ணைத் தலைகீழாக மாற்றியது சுரங்கம். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கரிய பொருள் வெளிப்பட்டது. அது பழுப்பு நிலக்கரி. அதை வெட்டியெடுக்க 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். பல கிராமங்கள் இடம்பெயர, வட்டம் வட்டமாக நகரியம் எழுந்தது. பழுப்பு நிலக்கரிக்கு மேலே 50 மீட்டருக்கும் அதிகமாகக் கிடக்கும் மண்ணை ராட்சத இயந்திரங்கள் அள்ளிக் கொட்டுகின்றன. ஆழத்திலிருந்து வந்த அந்த மணலிலும் களியிலும் மட்கு இல்லை. சுரங்கக் கழிவு மண்ணை விளைநிலமாக்கத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நிறுவனம் ஆய்வுகள் நடத்தியது. தொழுவுரம், பசுந்தாள் உரம், பயிர்க்கழிவு என உயிர்ப்பொருளைச் சேர்ப்பதே அந்த மீட்பின் அடிப்படை. மட்கிய காட்டின் எச்சமான பழுப்பு நிலக்கரியிலிருந்து ஹியூமிக் அமிலத்தைப் பிரித்து மண்ணுக்கு ஊட்டமாகவும் தருகிறார்கள்.

2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயல் பண்ருட்டி, நெய்வேலி வட்டாரத்து முந்திரியையும் பலாவையும் லட்சக்கணக்கில் சாய்த்தது. நிழலும் சருகும் ஒருசேரப் போன கொல்லைகளில் புதுக் கன்றுகளை வெயிலிலிருந்து காப்பது பெரும்பாடாயிற்று.

இதற்கிடையே மூடாக்கு இரண்டு வழிகளில் மறுபடி பேசப்பட்டது. ஒன்று நெகிழி வழி. 1950களில் அமெரிக்காவில் பரவத் தொடங்கிய நெகிழி நிலப்போர்வை, ‘மல்ச்சிங் ஷீட்’ என்ற பெயரில் விழுப்புரம் பக்கத்துத் தர்ப்பூசணி வயல்களுக்கு வந்தது. களைக்கு அது நல்ல தடை. ஆனால் மண்ணுக்கு எதையும் தராது, கிழிந்த துண்டுகள் நிலத்திலேயே தங்கிவிடும். மற்றொன்று இயற்கை வேளாண்மை வழி. ஜப்பானிய உழவர் ஃபுகுவோகா 1975-இல் எழுதிய ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’ தமிழிலும் வாசிக்கப்பட்டது. இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் (1938–2013) மூடாக்கை ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தார். சுபாஷ் பாலேக்கர் பரப்பிய இயற்கை வேளாண்மை முறையில் அது நான்கு தூண்களில் ஒன்று.

நகரியத்தின் மா, பலா, வேம்பு மரங்கள் உதிர்க்கும் சருகு இந்த வேலைக்கு அப்படியே பொருந்தும். கவாத்து செய்த மல்லிகையைச் சுற்றி நான்கு விரல் கனத்துக்கு அதைப் பரப்பி, சில வாரம் கழித்து ஒரு கைப்பிடியை விலக்கினால் மேலடுக்கு மொறுமொறுவென்று இருக்கும். அதன் கீழே இலைகளைத் தைத்தாற்போல் வெண்ணிறப் பூஞ்சை இழைகள், அதற்கும் அடியில் ஈரம் குன்றாத கருமண், மண்புழு எச்சம். இப்படிப் பயன்படக்கூடிய சருகைத்தான் காலையில் கூட்டிக் கொளுத்துகிறார்கள். குப்பையை வெளியில் எரிக்க 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் தடை விதித்தன. அதே ஆண்டு டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 5,000 ரூபாய் அபராதமும், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் விதித்தது.

மூடாக்கு தண்டைத் தொடக்கூடாது. தொட்டால் அடித்தண்டு அழுகும், ஒரு சாண் தள்ளியே பரப்ப வேண்டும். வைக்கோல் மட்கும்போது நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்வதால், சாணக் கரைசல் தெளித்தோ பயறுவகைத் தழையைக் கலந்தோ அதை ஈடுசெய்கிறார்கள். முந்திரிச் சருகு தடிப்பானது, மெதுவாகவே மட்கும். மாந்தழையோடு கலந்து போடுவது நல்லது. கரையான் வந்தால் வேப்பம் பிண்ணாக்கு தூவலாம். தென்னந்தோப்பில் மட்குக் குவியலை அவ்வப்போது கிளறி, அதில் வளரும் காண்டாமிருக வண்டின் புழுக்களைப் பொறுக்கி அழிக்க வேண்டும்.