மண்பானையில் மூன்று வாரம்: பாம்பு வளர்ப்பும் நம் ஊர்ப் பாம்புக்காரர்களும்

பதிவு இன்று கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

2023 ஜூலை 30. கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு வந்த ஒரு பயணியின் பெட்டியை நம் விமான நிலையத்தில் சுங்கத்துறையினர் திறந்து பார்த்தார்கள். காற்றுப் போக ஓட்டை போட்ட சின்னச் சின்ன டப்பாக்கள். உள்ளே 47 மலைப்பாம்புகள், 2 பல்லிகள். எல்லாம் உயிரோடு! செய்தி வந்த வாரம் டீக்கடையில் எல்லோரும் சிரித்தார்கள். "இதை வாங்கி என்ன செய்வான்?" என்றார் ஒருவர்.

வளர்ப்பதற்குத்தான். நாய், பூனை போல வீட்டில் பாம்பு வளர்க்கும் பழக்கம் மேலைநாடுகளில் பல ஆண்டுகளாக இருக்கிறது. நம் பெருநகரங்களிலும் இப்போது அந்த ஆசை எட்டிப் பார்க்கிறது. அதிகம் விலைபோவது 'பால் பைதான்' என்ற ஆப்பிரிக்கப் பாம்பு. பால் என்றதும் புற்றுக்கு ஊற்றும் பாலை நினைக்க வேண்டாம். பயந்தால் பந்து போலச் சுருண்டுகொள்ளும், அதனால் அந்தப் பெயர். விஷமில்லை, சாது. ஆனால் 20, 30 வருடம் உயிரோடிருக்கும். பத்தாம் வகுப்புப் பையன் ஆசைப்பட்டு வாங்கினால், அவன் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போதும் அது பெட்டிக்குள் இருக்கும். அதன் உடம்புக்குச் சொந்தச் சூடு கிடையாது. கூண்டின் ஒரு பக்கம் வெதுவெதுப்பாகவும் மறுபக்கம் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும், ஒளிந்துகொள்ள ஒரு பொந்து வேண்டும், ஈரப்பதம் குறைந்தால் சட்டை சரியாக உரியாது. குளிர்ப்பெட்டியில் வைத்த எலியை வெளியில் எடுத்து, பதமாக்கிக் கொடுக்க வேண்டும். நம் வீட்டு ஃபிரிட்ஜில் எலியா? அகத்துப் பெண்கள் என்ன சொல்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள். இத்தனையும் செய்தால்கூட அது நம்மை அடையாளம் கண்டு வாலாட்டாது.

அதனால்தான் வாங்கியவர்களில் பலருக்குச் சலித்துப்போகிறது. இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளில் இப்படிக் கைவிடப்பட்ட பாம்புகளை மீட்டு, வளர்க்கத் தெரிந்தவர்களுக்குத் தத்துக் கொடுக்கும் ஏற்பாடே இருக்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 2006 முதல் அரசே இதை நடத்துகிறது. வளர்க்க முடியாதவர்கள் தண்டனை பயமில்லாமல் கொண்டுவந்து ஒப்படைக்கலாம். தத்தெடுப்பவர் முன்கூட்டியே தகுதி பெற்றிருக்க வேண்டும். நல்ல திட்டம்தான். ஆனால் வருவதற்குள் காரியம் கைமீறிவிட்டது. வளர்த்துக் கைவிட்டதும் தப்பித்ததுமான பர்மிய மலைப்பாம்புகள் அங்குள்ள எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் பெருகிவிட்டன. 2012-இல் வந்த ஓர் ஆய்வு, பாம்புகள் அதிக காலமாக இருக்கும் பகுதிகளில் ராக்கூன் என்ற சிறு விலங்கு கண்ணில் படுவதே 99 சதவீதம் குறைந்துவிட்டது என்றது. அந்தக் கதைக்குத் திரும்பி வருகிறேன். அதில் நம் ஊர்க்காரர்களுக்கும் பங்கு உண்டு.

இங்கே சட்டம் வேறு. நாகம், சாரை, மலைப்பாம்பு என்று நம் மண்ணின் பாம்பு எதையும் பிடித்து வீட்டில் வைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காயம்பட்டதைக் காப்பாற்றினேன் என்றாலும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. வெளிநாட்டுப் பாம்பு வைத்திருப்பவர்களும் 2024 விதிகளின்படி அரசிடம் பதிவு செய்தாக வேண்டும்.

சட்டம் வருவதற்கு முன் என்ன நடந்தது? நம் தலைமுறைக்கே மறந்துவிட்டது. பாம்புத் தோலுக்கு ஐரோப்பாவில் நல்ல கிராக்கி. செருப்பு, கைப்பை, இடுப்புவார் என்று லட்சக்கணக்கில் தோல்கள் கப்பலேறின. பிடித்துக் கொடுத்தவர்கள் இருளர்கள். செங்கல்பட்டுப் பக்கத்துப் புதர்க்காடுகளில் தடம் பார்த்து, வளை தோண்டிப் பிடித்தார்கள். கிடைத்ததோ அற்பக் காசு. 1976-இல் பாம்புத் தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. பாம்பு பிழைத்தது. இருளர் வீட்டு அடுப்பு அணைந்தது. தடை போட்டது சரிதான். ஆனால் அந்த ஜனங்கள் அடுத்த நாள் என்ன சாப்பிடுவார்கள் என்று யோசித்தவர்கள் குறைவு.

யோசித்தவர்களில் ஒருவர் ராமுலஸ் விட்டேகர். நியூயார்க்கில் பிறந்து இந்தியாவில் வளர்ந்தவர். கிண்டியில் நாம் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப்போகும் பாம்புப் பண்ணையைத் தொடங்கியவர் அவர்தான். அவருடைய முயற்சியில் 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் இருக்கிறது. தோலுக்குப் பதில் விஷம். சாகடிப்பதற்குப் பதில் திருப்பி விடுவது.

நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்கு வகை மட்டும், வனத்துறை அனுமதித்த எண்ணிக்கைக்குள் பிடிப்பார்கள். மண்பானையில் பாதிக்கு மணல் போட்டு, பாம்பை விட்டு, வாயைத் துணியால் கட்டிவிடுவார்கள். மண்பானை உள்ளே குளிர்ச்சி, இருட்டு, காற்றும் போகும். பாம்புக்கு அது வளைதான். ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கண்ணாடிக் கூண்டில் செய்வதைக் குயவர் பானை செய்துவிடுகிறது பாருங்கள்! மூன்று வாரத்துக்குள் நான்கு முறை விஷம் எடுப்பார்கள். பிறகு அடிவயிற்றுச் செதிலில் சின்ன அடையாளம் வெட்டி, காட்டில் விட்டுவிடுவார்கள். மறுபடி சிக்கினாலும் அடையாளத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். அந்த விஷம்தான் சிறு அளவில் குதிரைக்குச் செலுத்தப்பட்டு, அதன் ரத்தத்திலிருந்து விஷமுறிவு மருந்தாகிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக 2020-இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. நம் அரசு மருத்துவமனையில் ஒருவர் பிழைத்தால், அந்த மருந்தின் மூலப்பொருள் பெரும்பாலும் வடநெம்மேலிப் பானையிலிருந்து போனதுதான்.

இப்போது ஃபுளோரிடாவுக்கு வருவோம். 2016-இல் அங்கே மலைப்பாம்பு பிடிக்கப் போட்டி வைத்தார்கள். ஆயிரம் பேர் வரை இறங்கி, ஒரு மாதத்தில் பிடித்தது 106. அடுத்த ஆண்டு ஜனவரியில் ஃபுளோரிடா பல்கலைக்கழகம் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை வரவழைத்தது. துப்பாக்கி இல்லை, ஆங்கிலம் இல்லை. இரண்டு வாரத்துக்குள் 13 பாம்பு. பழைய ஏவுகணைத் தளம் ஒன்றின் பாழடைந்த குழிக்குள் பதுங்கியிருந்த 16 அடிப் பெண் பாம்பும் அதில் ஒன்று. அங்குள்ளவர்கள் ஆசையாய் வளர்த்துக் கைவிட்டதைப் பிடிக்க, பள்ளிப் படிப்பு எட்டாத நம் ஆட்கள் கடல் கடந்து போனார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. எத்தனை பாடப்புத்தகத்தில் இவர்கள் பெயர் இருக்கிறது?

நம் ஸ்ரீரங்கம் ஆதிசேஷன் மேல் பெருமாள் பள்ளிகொண்ட ஊர். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வாழைத்தோப்பும் தென்னந்தோப்பும் எலி வளையும் இருக்கும்வரை பாம்பும் இருக்கும். மழைக்காலத்தில் கொல்லைப்புறத்துக்கு வருவது பெரும்பாலும் சாரை. சாரை நாகத்தின் ஆண் என்பது கட்டுக்கதை. இரண்டும் வேறு வேறு இனம். பின்னிப் பிணைந்து எழுந்து ஆடுவதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுகிறோமே, அது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் பலம் பார்ப்பது.

மண்வெட்டியிலோ வலையிலோ மாட்டி அடிபட்ட பாம்பைப் பார்த்தால் கையால் தொடாதீர்கள், சாரை என்று உறுதியாகத் தெரிந்தாலும். பால், முட்டை வைக்காதீர்கள். பால் அதற்குச் செரிக்காது. மஞ்சள் அப்பாதீர்கள். எட்ட நின்று, எங்கே போகிறது என்று ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ போன் செய்யட்டும். தீயணைப்புக்கு 101. வருகிறவர்களிடம், பிடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே விடச் சொல்லுங்கள். தூரத்துக் காட்டில் விட்டால் வளையும் தெரியாது, இரையும் தெரியாது, அலைந்தே செத்துப்போகும்.