மசில் கார்களும் எண் பொருத்தமும்

1964ஆம் ஆண்டு மொடல்களில், அமெரிக்காவின் பொன்ரியாக் பிரிவினர் இடைத்தர அளவினதான தெம்பெஸ்ற் காரிலே 389 கன அங்குலக் கொள்ளளவுடைய பெரிய இயந்திரத்தைப் பூட்டி, 'ஜீ.ரீ.ஓ.' என்னும் பெயரோடு விற்பனைக்கு விட்டனர். அவ்வளவினதான காருக்கு 330 கன அங்குலத்திற்கு மேற்பட்ட இயந்திரம் ஆகாதென்பது ஜெனரல் மோட்டோர்ஸ் தலைமையகத்தின் விதி. அதனின்று தப்புதற்காகவே ஜீ.ரீ.ஓ. தனி மொடலாகவன்றி மேலதிகத் தெரிவாகப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. முதலாண்டிலேயே 32,450 கார்கள் விற்பனையாயின. 'மசில் கார்' எனப்படும் வகை பல்கிப் பெருகியது இதன் பின்னரேயாம். புகைக் கட்டுப்பாடும், ஏறிய காப்புறுதிக் கட்டணமும், 1973ஆம் ஆண்டின் எண்ணெய்த் தடையும் பத்தாண்டுக்குள் அவ்வகையை ஒடுக்கிவிட்டன.

அன்று வாலிபர் ஓட்டித் தேய்த்த அக்கார்கள் பின்னர்த் தொல்பொருள்போலப் போற்றப்படலாயின. 1971ஆம் ஆண்டுப் பிளிமத் ஹெமி குடா வகைத் திறந்த காரொன்று 2014இற் சியாற்றில் நகர ஏலத்திலே 35 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. இத்தகைய காரைப் புதுப்பித்து விற்போரிடம் வாங்குவோர் முதலிற் கேட்பது, எண்கள் பொருந்துமோ என்பதே. காரோடு பிறந்த இயந்திரமே இன்னும் அதனுள் இருக்கின்றதா என்பது அவ்வினாவின் பொருள்.

செவ்ரலேயின் வீ-8 இயந்திரத்தில், வலப்புற உருளைத் தலைக்கு முன்னே, சிறியதொரு சமதளம் உண்டு. இயந்திர ஆலையின் எழுத்து, மாதமும் நாளும் காட்டும் நான்கு இலக்கங்கள், எவ்வகைக் காருக்குரியது என்பதைச் சுட்டும் எழுத்துக்கள் ஆகியன அதன்மீது பொறிக்கப்பட்டன. 'ரீ' எனின் தொனவாண்டா. 'வீ' எனின் பிளின்ற். பின்னர்க் கார் ஆலையிலே காரின் தொடரிலக்கத்தில் ஒரு பகுதியும் இயந்திரத்திற் பொறிக்கப்பட்டது. உரிய இயந்திரத்தை உரிய காரிற் பூட்டுதற்கும், களவுபோனதை இனங்காணுதற்குமே இவை வேண்டப்பட்டன. பிற்காலத்தார் படிப்பர் என எவரும் எண்ணியிலர். மன்னன் தன் புகழ் கருதி வெட்டுவித்த சாசனத்தினும் வணிகனின் கணக்கேட்டை வரலாற்றாசிரியன் நம்புவது இக்காரணம் பற்றியே.

அன்றியும், வேறு சான்று அரிதாகிய இடத்தில் இப்பொறிப்பின் பெறுமதி மிகுகின்றது. கிறைஸ்லர் கம்பனியாரின் கார் எண்ணில் ஐந்தாவது குறியே இயந்திரத்தின் வகையை உரைத்துவிடும். 1970ஆம் ஆண்டுச் செவெல் காரின் எண்ணோ வீ-8 என்பதற்கு மேல் ஒன்றும் கூறாது. 450 குதிரைவலுவினதான 454 கன அங்குல இயந்திரம் அதில் இருந்ததா என அறிய விரும்புவோர், இயந்திரப் பொறிப்பையோ, ஆசனக் கம்பிச்சுருள்களுக்கிடையே ஆலைத் தொழிலாளர் விட்டுச்சென்ற கட்டளைத்தாளையோ தேடல்வேண்டும்.

ஈண்டு ஒரு முரண் உளது. விரைவோட்டத்திற்கென ஆக்கப்பட்ட கார் அவ்வாறே ஓட்டப்படின், அதன் இயந்திரமே முதலில் உடைவது. உத்தரவாதக் காலத்துள் உடைந்ததற்குச் செவ்ரலே 'சீ.ஈ.' எனப் பொறித்த மாற்று இயந்திரங்களைத் தானே வழங்கியது. 1969இல் அலுமினிய இயந்திரத்துடன் 69 கமாரோ கார்கள் ஆக்கப்பட்டன. அவற்றுள் 50ஐக் கேட்டு வாங்கியவர் இல்லினோய் மாநிலத்து வணிகர் பிரெட் கிப். ஒவ்வொன்றின் விலையும் 7,200 டொலரைக் கடந்தமையால் அவற்றை விற்க இயலாது, பலவற்றைக் கம்பனிக்கே திருப்பினார். வாங்குவாரற்றுக் கிடந்த சிலவற்றின் இயந்திரங்கள் கழற்றப்பட்டன. இவையெல்லாம் அக்கார்களின் மெய்வரலாறே. எனினும் எண் பொருத்தம் என்னும் அளவுகோல் இவற்றைக் குறையுடையனவாகவே தள்ளும்; கொட்டிலில் உறங்கிய காரை நிறைவுடையதென ஏற்கும்.

எண்ணுக்கு விலை ஏறவே, போலியும் தோன்றியது. காலம் ஒத்த வேறோர் இயந்திரத்தின் சமதளத்தைச் சீவிவிட்டுப் புதிதாக எண் பொறித்தல் வழக்காயிற்று. ஆலைக் கருவி முதன்முதற் சீவியபோது விட்ட நுண்ணிய நேர்க்கோடுகளை மீண்டும் உண்டாக்குவது எளிதன்று. ஆகலிற் பரீட்சகர் எழுத்தின் வடிவோடு அக்கோடுகளையும் நோக்குவர். கோடுகளையும் போலியாக வரைவார் பின்னர்த் தோன்றினர். புதுப்பிப்போர், ஆலை மேற்பார்வையாளரின் வண்ணக் குறிகளையும் வழிந்த பூச்சுத் துளிகளையும் மீளத் தீட்டுதலும் இவ்வகையினதே; ஆயினும் அவை பார்வைக்கு அழகு செய்வன, ஒருவரையும் ஏமாற்றுவன அல்ல. பொய்யெண் அத்தகையதன்று. 'சீ.ஈ.' என்ற பொறிப்பு, இக்காரின் முதல் இயந்திரம் உடைந்தது, கம்பனி வேறொன்று தந்தது என்ற செய்தியை உள்ளவாறே கூறுகின்றது. அதை அழித்து 'பொருந்தும்' எண்ணைப் பொறிப்பவன், சந்தைக்காக ஒரு மெய்ச் சான்றையே சீவி எறிகின்றான்.