ஓவர்கிளாக் செய்த கணினிக்கும் ஓய்வு உண்டு

சான் ரமோனில் நம் பிள்ளைகள் பலர் தாங்களே பூட்டிய கணினியை ஓவர்கிளாக் செய்து, கூடவே மின்சேமிப்பு வசதிகளையும் பயாஸில் அணைத்துவிடுகிறார்கள். இந்தப் பழக்கத்தின் கதையில் பாதி, 680 நெடுஞ்சாலை வழியே தெற்கே போனால் வரும் சான்டா கிளாராவில் நடந்தது.

1998-இல் இன்டெல் விற்ற மலிவான செலரான் 300ஏ புராசசரை ஆர்வலர்கள் 450 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றினார்கள். பஸ் வேகத்தை 66-இலிருந்து 100 ஆக்கினால் போதும். அன்றைய மேசைக் கணினி சும்மா இருக்கும்போதும் அதே வேகத்தில்தான் துடித்தது. 2000 ஜனவரியில் மடிக்கணினிக்கு ஸ்பீட்ஸ்டெப் வந்தது. பேட்டரியில் ஓடும்போது வேகத்தோடு வோல்டேஜும் இறங்கும். வோல்டேஜில்தான் லாபம்: அது 10 சதவீதம் குறைந்தாலே இயக்கத்துக்கான மின்செலவு சுமார் 19 சதவீதம் குறையும். மேசைக் கணினிக்கு இவ்வசதியை 2003-இல் ஏ.எம்.டி.யின் அத்லான் 64-உம், 2005-இல் பென்டியம் 4-உம் கொண்டுவந்தன.

வேகம் மாறும் கணத்தில் கணினி உறைந்துவிடும் என்று ஓவர்கிளாக் செய்தவர்கள் பயந்தார்கள். அன்றைய மதர்போர்டுகளில் அது வீண் பயமல்ல. இரவுப் பணியில், தூங்குகிறவரின் நாடி சற்று இறங்கினால் செவிலியர் நாங்கள் பதறுவதில்லை. வேலை வந்தால் ஏறுகிறதா என்பதே கேள்வி.

இன்றைய போர்டுகளில் வேகத்துக்கேற்ப மாறும் 'அடாப்டிவ்' வோல்டேஜ் உண்டு. அதை வைத்தால், 4000 மெகாஹெர்ட்ஸைத் தாண்டி ஓடும் இன்டெல் சில்லும் சும்மா இருக்கையில் 800-க்கு இறங்கும். ஆனால் விளையாட்டில் மட்டும் சோதித்தால் போதாது, தம்பிமாரே. ஓரிரவு சும்மாவும் விட்டுப் பாருங்கள். சில கணினிகள் ஓய்வில்தான் உறைகின்றன.