பெரணியின் மணம்

கானடாவிலிருந்து வந்த நண்பர் ஒருவர் எனக்கென்று ஒரு சவர சோப் கொண்டுவந்தார். தொழிற்சாலைச் சரக்கல்ல, ஒருவரோ இருவரோ சிறு அளவில் கையால் காய்ச்சி டப்பாவில் வார்ப்பது. ஸ்டியரிக் அமிலமும் பொட்டாஷ் காரமும் சேர்ந்த இந்த வகை சோப், குளிக்கிற சோப்பைப் போல இறுகாது. ஈரப் பிரஷ் பட்டதும் இளகி, சீக்கிரம் காயாத, நெருக்கமான நுரை தரும். நுரை எழ எழ மணமும் எழுகிறது. முதலில் லாவெண்டர், பிறகு மழையில் நனைந்த மரப்பட்டை, கடைசியில் கன்னத்தில் தங்கிவிடுவது, அறுத்து வெயிலில் காயப்போட்ட புல்லின் தித்திப்பு. டப்பாவின் மேல் 'ஃபூஜேர்' என்று எழுதியிருந்தது. பிரெஞ்சில் பெரணிச் செடி என்று பொருள்.

பெரணிக்குச் சொல்லும்படியான மணம் எதுவும் கிடையாது. பின் இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

டோங்கா என்ற தென்னமெரிக்க மரத்தின் விதையிலிருந்து 1820இல் கூமரின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். காய்ந்த புல்லின் வாசனைக்கும் காரணம் அதுவே. வில்லியம் ஹென்றி பெர்க்கின் என்ற ஆங்கிலேயர், பதினெட்டு வயதில், 1856இல், நிலக்கரித் தாரிலிருந்து ஊதாச் சாயம் உண்டாக்கியவர். அவரே 1868இல் கூமரினையும் சோதனைச் சாலையில் செய்து காட்டினார். புல்லின் வாசனைக்குப் புல்லோ விதையோ இனித் தேவைப்படவில்லை.

1882இல் பாரிஸின் ஊபிகான் நிறுவனத்தில் பால் பார்க்கே இந்தச் செயற்கைக் கூமரினை லாவெண்டரோடும், ஓக் மரத்தில் படரும், நம் சமையலறைக் கற்பாசிக்கு உறவான ஒரு பாசியோடும் சேர்த்து, 'ஃபூஜேர் ரொயால்' என்று பெயரிட்டார். அதுவரை வாசனைத் தைலம் என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு மலரின் நகல். இங்கே நகலெடுக்க மூலமே இல்லை. இரண்டாண்டு கழித்து, 1884இல் வெளிவந்த ஹுயிஸ்மான்ஸின் 'ஆ ரெபூர்' நாவலில், நாயகன் பூட்டிய அறைக்குள் உட்கார்ந்துகொண்டு வாசனைத் திரவியங்களால் ஒரு புல்வெளியையே சிருஷ்டிக்கிறான். இவ்விரண்டும் ஒரே காலத்தின் காரியங்கள்.

இந்த மணம் சலூன்களுக்கும் சவர சோப்புகளுக்கும் பரவி, 'சுத்தமான ஆண்' என்பவனின் வாசனையாயிற்று. வயலை விட்டு நகரத்துக்குப் போய்விட்டவனின் கன்னத்தில் தினமும் காலையில் வயல் பூசப்பட்டது. கில்லெட்டின் பாதுகாப்பு ரேஸர் 1904இல் காப்புரிமை பெற்று, சலூன் நாற்காலியிலிருந்து சவரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தது. 1950 வாக்கில் அழுத்தினால் நுரை பீச்சும் டப்பாக்கள் வந்தன. பிரஷும் சோப்பும் ஒதுங்கின. 2000க்குப் பிறகு அவற்றை மீட்டவர்கள்தான் என் நண்பர் கொண்டுவந்த சோப்பைக் காய்ச்சுகிறவர்கள்.

இவர்களை ரசிக்கிறவர்கள் சொல்லும் காரணம் இது: எந்திரத்தை விட்டு இயற்கைக்குத் திரும்புகிறோம். எனக்கு இது ஒப்புதலாயில்லை. கை காய்ச்சுவது வாஸ்தவம். ஆனால் காய்ச்சப்படுவது சாயப்பட்டறை யுகத்தின் கற்பனை. திரும்பிப் போகவும் முடியாது. ஓக் பாசியில் தோலுக்கு ஒவ்வாத இரண்டு பொருள்களை ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் தடைசெய்தது. பழைய பாசியை அப்படியே சேர்க்க இன்று அங்கே வழியில்லை. பழைய வாசனைகளைத் திரும்பச் செய்து காப்பதற்கென்றே 1990இல் வெர்சாயில் ஓஸ்மோதெக் என்ற காப்பகம் ஏற்பட்டது. செயற்கை மணத்துக்கும் தொல்பொருள் சாலை வேண்டியிருக்கிறது.

இதனால் என் காலை நேர சந்தோஷம் பொய்யாகிவிடுமா என்றால், இல்லை. அந்தப் புல்வெளி நுரையில் இருக்கிறது, அது போதும். தகராறு வேறு இடத்தில். நம் விமர்சனத்தில் 'மண் வாசனை' என்று ஒரு நற்சான்று வழங்கி வருகிறோம். மண் தானாகவே எழுந்து வாக்கியத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது போன்ற பாவனை அதில் உண்டு. எந்தச் சொல்லை எதோடு சேர்த்து, யார், எந்த நகரத்து அறையில் உட்கார்ந்து அதைச் செய்தார் என்று கேட்பதில்லை. கேட்டால் படைப்பாளியை அவமதித்ததாக நினைக்கிறோம். உண்மையில் கேட்காததுதான் அவமதிப்பு. பார்க்கேயின் வேலையைப் பெரணியின் கணக்கில் எழுதுவதற்கு ஒப்பானது அது.

சமீபத்தில் ஏற்காடு போயிருந்தபோது வழியோரம் ஒரு பெரணி இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தேன். பச்சிலை நெடி, அவ்வளவுதான். பெரணி சரியாக மணக்கவில்லையே என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது.