தேசப்ரிய பூங்காவும் கேம்பிரிட்ஜ் நகரத்து மருமகளும்

பாலிகஞ்சிலிருந்து ராஷ்பிகாரி அவென்யூ வழியாக மேற்கு நோக்கி நடப்போர், கரியாஹாட் நாற்சந்தியைக் கடந்து, சரத் போஸ் சாலை குறுக்கிடும் இடத்தில் தேசப்ரிய பூங்காவை அடைவர். அதற்கு அப்பால் லேக் மார்க்கெட். வாழையிலையும் கறிவேப்பிலையும் காப்பித்தூளும் வாங்குவதற்காக இம்மாநகரத் தமிழர் தலைமுறை தலைமுறையாக நடந்த வழி இது. வழியில் இருக்கும் பூங்காவின் பெயர் யாரைக் குறிப்பது என்று நின்று கேட்டவர் நம்முள் சிலரே ஆவர்.

என் தந்தையார் நாள்தோறும் மாலையில் அப்பூங்காவைச் சுற்றி வருவார். தம் மூத்த மகளோடு அவர் பேசாதிருந்த ஆண்டுகளிலும் அந்த நடை நிற்கவில்லை. என் தமக்கையார் செய்த குற்றம், தம்முடன் பணிபுரிந்த வங்காளி இளைஞர் ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டதுதான். தந்தையார் சுற்றிச் சுற்றி வந்த பூங்காவோ, இதனினும் பன்மடங்கு துணிவான ஒரு மணத்தைச் செய்துகொண்டவரின் பெயரைத் தாங்கி நின்றது. இதை நான் பின்னாளில்தான் அறிந்தேன். அறிந்த நாள்தொட்டு அவ்வரலாற்றை நம் மக்களுக்குச் சொல்ல வேண்டும் என்ற ஆவல் எனக்கு உண்டு.

'தேசப்ரிய' என்று வங்க மக்கள் அன்போடு அழைத்தது ஜதீந்திர மோகன் சென்குப்தாவை. 1885-ஆம் ஆண்டு சிட்டகாங் மாவட்டத்தில் பிறந்தவர். தந்தையார் யாத்திர மோகன், அந்நகரின் புகழ்பெற்ற வழக்கறிஞர். மகன் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பயின்றபின் 1904-இல் சட்டம் படிக்க இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜில் டவுனிங் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே கிரே என்னும் ஆங்கிலக் குடும்பத்தாரின் இல்லத்தில் தங்கினார். அவ்வீட்டு மகள் எடித் எல்லன். வீட்டார் அழைத்த பெயர் நெல்லி. தங்க வந்த மாணவருக்கும் தங்க இடம் தந்த வீட்டுப் பெண்ணுக்கும் அன்பு மலர்ந்தது. பெண்ணின் பெற்றோர் ஒப்பவில்லை. அவ்வெதிர்ப்பை மீறி 1909-இல் இருவரும் மணந்து கப்பலேறினர்.

அவ்வாண்டு எத்தகையது என்பதை எண்ணிப் பார்த்தால்தான் அம்மணத்தின் துணிவு விளங்கும். இந்திய நீதிபதிகள் ஐரோப்பியரை விசாரிக்கலாம் என்று கூறிய இல்பர்ட் மசோதாவை எதிர்த்து 1883-இல் கல்கத்தாவின் வெள்ளையர் கொதித்தெழுந்த காலத்திலிருந்தே இந்நகரில் நிறவேற்றுமை கூர்மை பெற்றிருந்தது. 1905-இல் வங்கப் பிரிவினை வந்தது. 1908 ஏப்ரலில் முசாபர்பூரில் நீதிபதி கிங்ஸ்போர்டைக் குறிவைத்து எறிந்த குண்டுக்கு ஆங்கில மாதர் இருவர் பலியாயினர். இளைஞர் குதிராம் போஸ் தூக்கிலேறினார். அதே ஆண்டில் தெற்கே வ. உ. சிதம்பரனார் சிறை புகுந்தார். 1909 ஜூலை முதல் நாள் லண்டன் மாநகரிலேயே கர்சன் வைலி என்னும் அதிகாரியை மதன்லால் திங்ரா சுட்டுக் கொன்றார். அந்நாளில் இங்கிலாந்து வாழ் இந்திய மாணவர் ஒவ்வொருவர் மீதும் ஐயப் பார்வை விழுந்தது. அத்தகைய ஆண்டில்தான் ஓர் ஆங்கிலப் பெண் ஒரு வங்க மாணவரின் கையைப் பற்றினாள்.

நிறம் கடந்த மணத்தை ஐக்கிய அமெரிக்காவின் பல மாநிலங்கள் சட்டத்தாலேயே தடுத்திருந்தன. 1967-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரே அத்தடைகள் வீழ்ந்தன. தென்னாப்பிரிக்கா 1949-இல் அத்தகைய தடைச் சட்டம் இயற்றி 1985-இல்தான் நீக்கியது. பிரிட்டிஷ் இந்தியாவில் அவ்வாறு நிறத்தைச் சொல்லித் தடுக்கும் சட்டம் இல்லை. ஆயினும் சட்டம் எழுதாததைச் சமூகம் எழுதி வைத்திருந்தது. கல்கத்தாவின் பெங்கால் கிளப் 1959 வரை இந்தியர் எவரையும் உறுப்பினராகச் சேர்க்கவில்லை. கணவன் நுழைய இயலாத மன்றங்களின் உலகில் பிறந்த பெண், அவ்வுலகைத் துறந்தே இங்கு வாழ வேண்டியிருந்தது.

சமயம் வேறான இருவர் மணப்பதற்கு வழி வகுத்த 1872-ஆம் ஆண்டுச் சட்டம், கேசவ சந்திர சென் முதலிய பிரம்ம சமாஜத்தாரின் முயற்சியால் இக்கல்கத்தாவில் கருக்கொண்டது என்பது நாம் நினைவிற் கொள்ளத் தக்கது. அச்சட்டப்படி மணப்போர் தாம் இந்து, கிறித்துவ, முஸ்லிம் முதலிய சமயங்கள் எதனையும் சார்ந்தவர் அல்லர் என்று உறுதிமொழி தர வேண்டியிருந்தது. 1954-ஆம் ஆண்டின் தனித் திருமணச் சட்டத்தால் அந்நிபந்தனை முற்றும் ஒழிந்தது. ஒருவர் தம் சமயத்தைத் துறக்காமலே பிற சமயத்தாரை மணக்க வழி பிறந்தது. என் தமக்கையார் கையெழுத்திட்டதும் அச்சட்டத்தின் கீழ்தான். ஆனால் சட்டம் தருவது சான்றிதழ் ஒன்றே. வீட்டு வாசலைத் திறக்கும் திறவுகோலை அது தருவதில்லை.

அந்த வாசல் திறவாவிடில் நிகழ்வது யாது? நம் சென்னையே சான்று கூறும். வங்க மகாகவி மைக்கேல் மதுசூதன் தத்தர் 1843-இல் கிறித்துவராகித் தந்தையோடு பிணங்கி, 1848-இல் சென்னைக்கு வந்தார். அனாதை விடுதிப் பள்ளியில் ஆசிரியரானார். அவ்வாண்டே, அனாதை விடுதியில் வளர்ந்த ரெபெக்கா என்னும் ஐரோப்பிய வழிப் பெண்ணை மணந்தார். மணமகனுக்குத் தந்தை வீடு அடைபட்டிருந்தது; மணமகளுக்கோ வீடே இல்லை. குழந்தைகள் நால்வர் பிறந்தனர். 1856-இல் கவிஞர் கல்கத்தாவுக்குத் திரும்பினார்; ரெபெக்காவிடம் மீண்டும் செல்லவில்லை. இந்திரசித்தைத் தலைவனாக்கி 'மேகநாதவத காவியம்' இயற்றியவரின் பெருமையை நாம் போற்றுவோம். சென்னையில் குழந்தைகளோடு விடப்பட்ட அப்பெண்ணையும் மறவாதிருப்போம். இன்பத்தில் இருவர் போதும். இடுக்கண் வருங்கால், 'நீ செய்வது தகாது' என்று கண்டிக்கவும், 'நாங்கள் இருக்கிறோம்' என்று தாங்கவும் இருபுறத்தும் பெரியோர் வேண்டும். அப்பெரியோரை அவ்விருவரும் பெற்றிருக்கவில்லை.

நெல்லியின் கதை வேறு வழியிற் சென்றது. சென்குப்தாவின் கூட்டுக் குடும்பம் அவரை மருமகளாக ஏற்றது. கணவர் கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் பெரும் பொருள் ஈட்டினார்; மக்கள் இருவர் பிறந்தனர். 1921-இல் சென்குப்தா ஒத்துழையாமை இயக்கத்தில் சேர்ந்து தொழிலைத் துறந்தார். அசாம் தேயிலைத் தோட்டங்களை விட்டு வெளியேறிய தொழிலாளர் சாந்த்பூரில் தாக்கப்பட்டனர். அதனை அடுத்து எழுந்த ரயில்வே வேலைநிறுத்தத்திற்குத் தலைமை ஏற்று அவர் சிறை சென்றார். அந்நிலையில் நெல்லி தாய்வீட்டை நோக்கிக் கப்பலேறினாரல்லர். தடையை மீறிக் கூட்டங்களில் பேசினார். வீடு வீடாகச் சென்று கதர் விற்றார். சட்டமறுப்புக் காலத்தில் தில்லியில் தாமும் நான்கு மாதம் சிறையிருந்தார். அவரைச் சிறையிலிட்டது அவர் பிறந்த நாட்டின் அரசேயன்றோ!

1933-ஆம் ஆண்டு காங்கிரசு மகாசபை கல்கத்தாவில் கூடவிருந்தது. அரசு அதனைத் தடை செய்தது. தலைவராகத் தேர்ந்திருந்த மதன்மோகன் மாளவியா வழியிலேயே கைது செய்யப்பட்டார். அவருக்குப் பதிலாகத் தலைமை ஏற்றவர் நெல்லி சென்குப்தா. அன்னி பெசன்டுக்கும் சரோஜினி நாயுடுவுக்கும் பின் அப்பதவி வகித்த மூன்றாம் பெண்மணி அவர். போலீசார் அவரையும் கைது செய்தனர். கணவர் அப்பொழுது காவலில் இருந்தார். கல்கத்தா மேயராக ஐந்து முறை அமர்ந்த அப்பெருமகனார் அவ்வாண்டு ஜூலையில் ராஞ்சியில் காவலிலேயே உயிர் துறந்தார்.

விதவையான பின்னும் நெல்லி இந்நாட்டை விட்டு நீங்கவில்லை. நாடு பிரிந்தபோது சிட்டகாங் பாகிஸ்தானாயிற்று. அவர் அங்கேயே தங்கி, சிறுபான்மை இந்துக்களுக்கு ஆதரவாக நின்று, 1954-இல் சட்டமன்ற உறுப்பினருமானார். வங்கதேசம் பிறந்தபின் சிகிச்சைக்காகக் கல்கத்தாவுக்குக் கொணரப்பட்டார். 1973-இல் பத்மவிபூஷண் விருது அளிக்கப்பெற்று, அவ்வாண்டே அக்டோபரில் இங்கேயே மறைந்தார். கணவர் மறைந்து 40 ஆண்டுகள் அவர் கணவரின் மக்களோடு வாழ்ந்திருக்கிறார். 2021-இல் சிட்டகாங்கில் அக்குடும்பத்தின் பழைய வீட்டை இடிக்க முற்பட்டபோது உள்ளூர் மக்களே திரண்டு தடுத்தனர். ஓர் அயல்நாட்டுப் பெண் மருமகளாய் வாழ்ந்த வீட்டை ஊரே தன் வீடாகக் கருதியது.

நம் தமிழகத்திலும் ஒரு மணம் இவ்வாறு புயலை எழுப்பியது. மதுரையில் 1904-இல் பிறந்த ருக்மிணி தேவி, நீலகண்ட சாஸ்திரியாரின் மகள். ஜாலியன்வாலா படுகொலை நிகழ்ந்து ஓராண்டே ஆகியிருந்த 1920-இல், அவர் ஜார்ஜ் அருண்டேல் என்னும் ஆங்கிலேயரைப் பம்பாயில் மணந்தார். மணமகளுக்கு வயது 16. மணமகனுக்கு 40-க்கு மேல். இவ்வயது வேற்றுமை இன்றைய நம் மனத்திற்கு ஒவ்வாததே. ஆனால் அன்று சென்னைச் சமூகம் கொந்தளித்ததற்கு முதற்காரணம் மணமகனின் இனமே. அன்னி பெசன்ட் அம்மையார் தம்பதியருக்கு அரணாக நின்றார். பிற்காலத்தில் ருக்மிணி தேவி நாட்டியம் பயின்று 1935-இல் அடையாற்றில் மேடையேறியபோது அருண்டேல் உறுதுணையாயிருந்தார். 1936-இல் கலாக்ஷேத்ரா தோன்றியது. வெள்ளையரை மணந்தாள் என்று தூற்றிய நகரமே, பின்னர் தன் பெண்மக்களை அவரிடம் பரதம் கற்க அனுப்பியது.

இவ்வரலாறுகளைக் கற்குந்தோறும் எனக்கு நம் பழந்தமிழ் அகப்பொருள் மரபில் 'அறத்தொடு நிற்றல்' என்னும் துறை நினைவுக்கு வருகிறது. தலைவியின் காதலைத் தோழி செவிலிக்கு உணர்த்துவாள். செவிலி நற்றாய்க்கு உணர்த்துவாள். நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் உணர்த்துவாள். காதலை வெளிப்படுத்தும் அச்செயலுக்கு நம் முன்னோர் 'அறம்' என்றே பெயரிட்டனர். வீட்டுக்குள் ஒருவராவது எழுந்து, 'இப்பெண்ணின் நெஞ்சம் இது. இதனை மதிப்பதே நமக்கு அறம்' என்று சொல்ல வேண்டும். ருக்மிணி தேவிக்குப் பெசன்ட் அம்மையார் அச்செவிலியாக நின்றார். ரெபெக்காவுக்கு அவ்வாறு நிற்க ஒருவரும் இல்லை.

என் தமக்கைக்கு அவ்வாறு நின்றவர் நாங்கள் எதிர்பாராத ஒருவர். மணமாகி ஆறு ஆண்டுகள் கழிந்திருந்தன. நவராத்திரி நாள், வெளியே துர்க்கா பூஜையின் தாக்கொலி. எங்கள் வீட்டுக் கொலுவின் முன் அயலார் கூடியிருந்த மாலையில், தமக்கையின் மாமியார் தனியே வந்தார். கையில் சந்தேஷ் பெட்டி. தமிழ் அறியாதவர்; என் தாயாருக்கோ வங்காளம் கடைப்பேச்சளவில்தான் வரும். தரையில் அமர்ந்து பொம்மைகளைப் படி படியாகப் பார்த்தார். சுண்டலும் தாம்பூலமும் பெற்றுக்கொண்டார். எழும்போது என் தாயாரின் கைகளைப் பற்றி, "உங்கள் மகள் அழும்போது தமிழில் அழுகிறாள். அதற்கு எனக்கு மறுமொழி தெரியவில்லை" என்றார். அடுத்த அறையில் தந்தையார் நாளிதழை விரித்து வைத்திருந்தார். நெடுநேரம் பக்கம் புரளவில்லை.

விஜயதசமியன்று வங்க வழக்கப்படி இளையோர் மூத்தோரை வணங்க வருவர். மாப்பிள்ளை வந்து தந்தையாரின் கால்களைத் தொட்டார். தந்தையார் சற்று நேரம் அசையாதிருந்தார். பின்பு அவர் தலைமேல் கைவைத்து, "சாப்பிட்டுவிட்டுப் போகலாம்" என்றார். அவ்வளவே. ஆறு ஆண்டுகளை அவரால் மீட்டுத் தர இயலவில்லை. அவ்வாண்டுகளில் பிறந்த பேரனின் முதல் நடையையும் முதல் சொல்லையும் அவர் கண்டாரல்லர். அந்த இழப்பைக் குறித்துத் தம் இறுதிக் காலம் வரை அவர் பேசியதில்லை. பூங்காவைச் சுற்றுகையில் பேரனின் கையைப் பற்றிக்கொண்டார்.

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு முழுவதும் அறத்தொடு நிற்றலே என்பதை அறிவோம். அதனை அவர் ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவிப்பதற்காகப் பாடினார் என்று பழங்குறிப்பு கூறும். தமிழ் அறியாத வடபுலத்தான் ஒருவனுக்குத் தமிழ் இன்னது என்று காட்டப் புகுந்த புலவர், போரையோ கொடையையோ தேர்ந்தாரல்லர். ஒரு பெண்ணின் காதலை அவள் வீட்டார்க்கு எடுத்துரைக்கும் தோழியின் சொற்களைத் தேர்ந்தார். வடபுலத்தே வாழ வந்த நாம், நம் மக்கள் வேற்றுமொழியாரை, வேற்றினத்தாரை வீட்டிற்கு அழைத்து வரும் நாளில், தமிழ் என்று எதனைக் காட்டப் போகிறோம்? லேக் மார்க்கெட்டிற்கு நடக்கும்போது தேசப்ரிய பூங்காவின் வாயிலில் ஒரு கணம் நின்று இவ்வினாவை எண்ணிப் பார்க்க அனைவரையும் வேண்டுகிறேன்.