பாறும் நத்தைகுத்தியும்

செங்கல்பட்டு மாவட்டத்தில் பறவைகளால் பெயர் பெற்ற ஊர்கள் திருக்கழுக்குன்றமும் வேடந்தாங்கலும். இரண்டுக்கும் இடையே நேர்கோட்டில் 25 கிலோமீட்டர்கூட இராது. முதல் ஊரின் பறவை இன்று அங்கே வருவதில்லை. இரண்டாவது ஊரில் ஏரி நிறைந்தால் போதும், மரங்களில் கூடு கட்ட இடம் போதாமல் போகிறது.

திருக்கழுக்குன்றத்தில் வேதகிரீஸ்வரர் மலைமேல் உச்சிவேளையில் பண்டாரம் பாறையில் உட்கார்ந்து சர்க்கரைப் பொங்கலும் நெய்யும் வைப்பார். வெள்ளை உடலும் கறுத்த இறக்கை ஓரமும் மஞ்சள் முகமுமாக இரண்டு பறவைகள் வந்திறங்கி, தத்தித் தத்தி நடந்துவந்து தின்னும். கங்கையில் நீராடிவிட்டு இங்கே உண்ண வருவதாக ஊர் நம்பியது. 

கழுகென்று கும்பிடப்பட்ட அந்தப் பறவை மஞ்சள்முகப் பாறு. அதன் மெல்லிய அலகால் மாட்டுத் தோலைக் கிழிக்க முடியாது. பெரிய பாறுகள் கிழித்துத் தின்றபின் எலும்பிடுக்கில் ஒட்டியதைக் கொத்தி எடுக்கும். முகத்தின் மஞ்சள் நிறத்துக்கு வேண்டிய சத்து சாணத்திலிருந்தும் அதற்குக் கிடைக்கிறது. மலைமேல் கிடைத்த பொங்கல் அதற்கு ஒரு வாய்தான். மீதி வயிற்றை நிரப்பியது சமவெளியில் செத்த கால்நடை.

வேடந்தாங்கலின் நத்தைகுத்தி நாரையோ செத்ததைத் தேடிப் போவதில்லை. அதன் அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். குஞ்சுக்கு அலகு நேராகத்தான் இருக்கும். வளர வளரத்தான் அந்த இடைவெளி விழுகிறது. சேற்றில் துழாவி நத்தையைப் பிடித்து, கூர்நுனியை ஓட்டுக்குள் செலுத்தித் தசையை அறுத்து, சதையை உருவி எடுத்துவிடும். எத்தனை முறை பார்த்தாலும் வியப்பு அடங்காத வேலை அது.

நாரைகளை ஊர் காத்ததற்குக் காரணம் வயல். நீர்க்கடம்பு மரங்களிலிருந்து விழும் எச்சம் ஏரியில் கரைந்து, பாசன நீரோடு நெல்லுக்கு உரமாகப் போகிறது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் ஆட்சியரிடம் முறையிட்டார்கள். 1798-இல் ஆட்சியர் லயோனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கே எழுதிக்கொடுத்தார். தீபாவளிக்கு வெடி வெடிக்காத வழக்கமும் இந்த அக்கறையில் வந்ததுதான்.

திருக்கழுக்குன்றத்துப் பாறுகள் 1990களின் இறுதியில் வராமல் போயின. கால்நடைகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் வலிநிவாரணி, செத்த மாட்டின் வழியாக இந்தியப் பாறுகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற காலம் அது. கால்நடைகளுக்கு அந்த மருந்தைக் கொடுக்க 2006-இல்தான் இந்தியா தடை விதித்தது. குன்றின்மேல் பறவைக்குச் செய்த மரியாதையில் குறையே இல்லை. ஆனால் அதன் இரை கிடந்த நிலத்தில் என்ன நடக்கிறதென்று கேட்கத்தான் ஆளில்லை.

வேடந்தாங்கலுக்கும் அந்த ஆபத்து உண்டு. ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். நாரை நத்தை தேடுவது சுற்றுவட்டார வயல்களிலும் சிற்றேரிகளிலும். சரணாலயத்தின் எல்லை 5 கிலோமீட்டர் ஆரத்துக்கு விரிந்திருப்பது அதனால்தான் முக்கியம். 2020-இல் அந்தப் பரப்பைச் சுருக்க முன்மொழிவு வந்தபோது பலத்த எதிர்ப்பு எழுந்தது. மறுபடியும் அப்படியொரு பேச்சு வந்தால், ஏரிக்கரையில் நின்று பறவை பார்த்துத் திரும்பிய ஒவ்வொருவரும் அந்த வயல்களுக்காகவும் குரல் கொடுக்க வேண்டும்.