ஷவர்மாவில் கிருமி இருக்கா? லேப் கண்டுபிடிக்க ஏன் 4, 5 நாள் ஆகிறது?

மயூர் விஹார் ஃபேஸ் 1-ல் மெட்ரோ விட்டு இறங்குறீங்க. சமைக்கத் தெம்பில்லை, மயோனைஸ் தடவிய ஷவர்மா ஒன்று வாங்குறீங்க. வாசனை நல்லாத்தான் இருக்கு. ஆனால் சால்மோனெல்லா இருந்தாலும் வாசனை மாறாமல் இருக்கலாம்.

2022 மே மாதம், கேரளாவின் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட பள்ளி மாணவி ஒருவர் உயிரிழந்தார். அங்கு எடுத்த உணவு மாதிரிகளில் சால்மோனெல்லா, ஷிகெல்லா இருந்தது லேப் சோதனையில்தான் தெரிந்தது.

நேரடியாக மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் என்ன?

உணவில் கெடுதல் கிருமி சொற்பமாக இருக்கும்; கெடுதல் செய்யாதவை லட்சக்கணக்கில் இருக்கும். சூட்டிலும் குளிரிலும் அடிபட்ட கிருமி சோர்ந்தும் கிடக்கும். அதனால் முதலில் அதை வளர்த்தெடுக்கிறார்கள். இதுதான் செறிவூட்டல் (என்ரிச்மென்ட்).

சால்மோனெல்லா சோதனை எப்படி நடக்கும்?

- நாள் 1: 25 கிராம் உணவை 225 மி.லி. பெப்டோன் ஊட்டத் திரவத்தில் கலந்து, சுமார் 37 டிகிரியில் 18 மணி நேரம் வைப்பார்கள். சோர்ந்த கிருமி தேறிவிடும்.
- நாள் 2: மற்ற கிருமிகளை அடக்கி, சால்மோனெல்லாவை மட்டும் வளரவிடும் திரவங்களுக்கு மாற்றுவார்கள்.
- நாள் 3: அகர் தட்டில் தடவுவார்கள்.
- நாள் 4: நடுவில் கறுப்புப் புள்ளியுள்ள காலனிகள் தெரிந்தால் சந்தேகம். அதை உறுதிசெய்ய மேலும் சோதனைகள்.

ஒரு கிருமி 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பானால், 7 மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டும். லேபுக்கு உதவும் இதே கணக்குதான், நீங்கள் இரவு முழுக்க வெளியே வைத்த சிக்கனிலும் ஓடுகிறது.

ரிப்போர்ட் என்ன சொல்லும்?

'25 கிராமில் இருக்கிறது' அல்லது 'இல்லை' என்று மட்டும். எத்தனை கிருமி இருந்தது என்று சொல்லாது, ஏனென்றால் லேபே வளர்த்துவிட்டதே!

நாமே சோதிக்கக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ன் பிரிவு 40 இதை அனுமதிக்கிறது. கட்டணம் உண்டு. சோதிக்கப் போவதை, வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸை ஓராண்டுக்குத் தடை செய்தது. டெல்லியில் வாங்கும்போது, 'பச்சை முட்டையில் செஞ்சதா?' என்று கேளுங்கள். காய்ச்சலோடு வயிற்றுப்போக்கு வந்தால் லேப் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காதீங்க, உடனே டாக்டரைப் பாருங்க.